வண்டிக்கு வந்த பிரஷர்

அந்தச் சிவப்பு விளக்கு என்னிடம் தண்ணீர் கேட்கிறது என்றுதான் முதலில் நம்பினேன். சிரிக்காதீர்கள். நான் பாத்திரக் கடைக்காரன். கார் டேஷ்போர்டில் மூக்கு வைத்த ஒரு பாத்திரப் படம், அந்த மூக்கின் நுனியில் ஒரு சொட்டு, அதுவும் சிவப்பாக எரிந்தால் என் கண்ணுக்கு அது கெண்டியாகத்தான் தெரியும். கல்யாணத்தில் தாரை வார்க்கிறோமே, அதே கெண்டி. கெண்டி என்றால் தண்ணீர். ஆகவே வண்டிக்குத் தாகம். இதில் தப்பு எங்கே இருக்கிறது என்று நீங்களே சொல்லுங்கள்.

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஐப்பசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், கொல்லிமலையில் நடந்தது இது. நானும் என் மனைவியும் நாமக்கல் பக்கத்திலிருந்து காலையிலேயே கிளம்பி மேலே போயிருந்தோம். கார் எங்களுடையது இல்லை, மனைவியின் தம்பியுடையது. பழைய டீசல் கார்தான். ஆனாலும் அதைத் துடைப்பதற்கென்றே தனியாக ஒரு துண்டைத் துவைத்து மடித்து வைத்திருப்பவன் அவன். சாவியைக் கொடுக்கும்போது, "மாமா, ஹார்ன மெதுவா அடிங்க" என்று சொன்னவன்.

கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போதே எனக்குப் பின்மண்டை கனத்தது. தலையில் யாரோ அண்டாவைக் கவிழ்த்து வைத்த மாதிரி ஒரு பாரம்.

"ஒரு வாரமா இதையே சொல்றீங்க. டாக்டர்கிட்டக் காட்டலாம்னா மட்டும் காது கேக்கறதில்ல" என்றாள் மனைவி.

"எழுபது வளைவுல தல சுத்தாம இருந்தாத்தான், கண்ணு, டாக்டர்கிட்டக் காட்டணும்" என்றேன். என் ஜோக்குகளுக்கு அவள் சிரிப்பதை நிறுத்தி வெகுகாலம் ஆகிறது. நான்தான் இன்னும் நிறுத்தவில்லை.

வாசலூர்பட்டி ஏரியில் படகில் ஒரு சுற்றுப் போனோம். உப்பும் மிளகாய்த்தூளும் அள்ளித் தூவிய அன்னாசிப் பழத்தை, அவள் பங்கையும் சேர்த்து நானே தின்றேன். வந்தது வந்தோம், தோட்டத்துக்காரர்களிடமே மிளகு வாங்கிப் போகலாம் என்று அரியூர் நாட்டுப் பக்கம் வண்டியைத் திருப்பினேன். ஒரு சாமைக் காட்டைத் தாண்டி, ஒரு ஏற்றத்தில் திரும்பும்போது கெண்டி எரிந்தது.

வண்டியை ஓரம் கட்டினேன். பானெட்டைத் தூக்கினேன். இன்ஜினின் தலையில் ஒரு கறுப்பு மூடி. அந்த மூடியிலும் அதே கெண்டிப் படம்! வண்டி செய்தவன் எவ்வளவு புத்திசாலி, எங்கே ஊற்ற வேண்டும் என்று படம் போட்டே காட்டியிருக்கிறானே என்று மெச்சிக்கொண்டேன். மூடியைத் திருகி எடுத்தேன். குடிக்கக் கொண்டு வந்த தண்ணீர் பாட்டிலைச் சாய்க்கவும் போனேன்.

"ஏனுங்க, தம்பிய ஒரு வார்த்த கேட்டுட்டு ஊத்துங்க" என்றாள் மனைவி. "அவன் வண்டிக்குப் பச்சத்தண்ணி ஆகுமோ என்னமோ."

பிறந்த குழந்தைக்குச் சொல்வது போலத்தான் சொன்னாள். நானும் மாப்பிள்ளை முறுக்கை விட்டுக்கொடுக்க மனமில்லாமலேயே பாட்டிலைக் கீழே வைத்தேன். ரோட்டில் போனுக்குச் சிக்னல் இல்லை. பக்கத்தில் இருந்த பாறை மேல் ஏறி நின்றால் ஒரு கோடு வந்தது. மச்சானைக் கூப்பிட்டேன்.

"எந்த வெளக்கு மாமா?"

"கெண்டி வெளக்கு."

"என்னது?"

"மூக்கு வெச்சிருக்குது, சொட்டுது. தண்ணி ஊத்தப் போறேன்."

அந்தப் பக்கத்திலிருந்து, "ஊத்திட்டீங்களா?" என்று மட்டும் மெதுவாக வந்தது.

"இன்னும் இல்ல. உங்கக்கா உன்னக் கேக்கச் சொன்னா."

"எங்கக்கா கால்ல நான் விழுந்தேன்னு சொல்லுங்க" என்றான்.

அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னான். அது கெண்டி இல்லை, எண்ணெய்க் கேன். ஆயில் பிரஷர் விளக்கு. இன்ஜினுக்குள் சுற்றுகிற இரும்புகள் ஒன்றை ஒன்று தொடுவதே இல்லையாம். நடுவில் மெல்லிய படலமாக ஓடுகிற ஆயில்தான் அவற்றைத் தனித்தனியாகத் தாங்குகிறதாம். அந்த ஆயிலைத் தள்ளுகிற அழுத்தம்தான் பிரஷர். அது விழுந்தால் இரும்பும் இரும்பும் உரசி, இன்ஜின் இறுகி நின்றுவிடும்.

"எறக்கத்துல, வளைவுல திரும்பறப்ப நின்னுச்சுன்னா ஸ்டியரிங் கல்லு மாதிரி ஆயிடும், பிரேக்கும் சரியாப் புடிக்காது. ஸ்டார்ட் பண்ணிடாதீங்க மாமா. சில சமயம் பிரஷர் நல்லாத்தான் இருக்கும், அதச் சொல்ற சென்சார் கெட்டுப் போயிருக்கும். ஆனா அத..."

அத்துடன் லைன் அறுந்தது.

ஆனா அத? எத? என் வாழ்க்கையில் ஒரு வாக்கியத்தின் முடிவுக்காக அவ்வளவு ஏங்கியதில்லை. மறுபடி மறுபடி போட்டேன். நடுநடுவே கிடைத்துக் கிடைத்துப் போனது. பாறை மேல் நின்று நான் கத்திய கத்தலை இப்போது நினைத்தாலும் காது கூசுகிறது. "பிரஷர் சுத்தமா இல்லியா? ஹலோ! பிரஷர் நின்னு போச்சுன்னா அவ்ளோதானா? ஹலோ! பிரஷர்! பிரஷர்டா!" ஒரு கையால் போனைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் தலையைப் பிடித்துக்கொண்டு, சிக்னலுக்காக ஒற்றைக் காலில் எக்கி எக்கிக் குதித்துக்கொண்டு.

கடைசியில் சார்ஜும் போயிற்று. பாறையை விட்டு இறங்கினேன். எழுபது வளைவும் வரிசையாகக் கண் முன்னே வந்தன. ஒவ்வொன்றிலும் நாங்கள் இருவரும் ஒவ்வொரு விதமாக விழுந்தோம். கடையை யார் பார்ப்பார்கள், மகளுக்கு யார் போன் செய்து சொல்வார்கள், மச்சான் எங்களுக்காக அழுவானா காருக்காக அழுவானா என்பது வரை போய்விட்டேன். வியர்த்துக் கொட்டியது. ரோட்டோரத்தில் தலையைக் கையில் தாங்கி உட்கார்ந்தேன். மனைவி முந்தானையால் விசிறினாள்.

எங்களுக்கு எதிரே, பள்ளத்துக்கு அந்தப் பக்கத்துச் சரிவில், ஒரு பெண் சாமை அறுத்துக்கொண்டிருந்தாள். இங்கிருந்து பார்க்க ஒரு விரல் உயரம்தான் இருந்தாள். அவள் நிமிர்ந்து எங்களைப் பார்த்தாள். அரிவாளைக் கீழே போட்டாள். இரண்டு கையையும் வாயருகே குவித்தாள்.

அந்தக் குரலை எப்படிச் சொல்வது? கத்தல் இல்லை அது. நீளமாக, மேலேறி, கடைசியில் ஒரு இழுப்பு. அவள் நிறுத்தியதும் அதற்குக் கீழே மரவள்ளிக் காட்டிலிருந்து ஓர் ஆண் குரல் அதையே எடுத்தது. அது நின்றதும், எங்களுக்கு மேலே, பனி மூடி ஒன்றுமே தெரியாத இடத்திலிருந்து இன்னொரு குரல். அப்புறம் மலை முகட்டுக்கு அப்பாலிருந்து மிகச் சன்னமாக ஒன்று. எங்களைச் சுற்றி இவ்வளவு பேர் இருந்தார்கள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. என் போனுக்கு எட்டாத இடத்துக்கெல்லாம் அந்தக் குரல் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது. மயிர்க்கூச்செறியக் கேட்டோம். வார்த்தை பிடிபடவில்லை, 'ஆளு' என்ற ஒன்றைத் தவிர.

"பாவம், யாருக்கோ முடியலயாட்ட இருக்குது" என்றேன் மனைவியிடம்.

"மாரியாத்தா, காப்பாத்து" என்று அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். மேட்டிலிருந்து சரிந்து இறங்கினார்கள், பள்ளத்திலிருந்து வேரைப் பிடித்து ஏறினார்கள். முழங்கால் வரை சேறு, கை நிறைய மரவள்ளி மண், தலைமயிரில் சாமை உமி. வேலையைப் பாதியில் போட்டுவிட்டு வந்திருக்கிறார்கள் என்பது பார்த்தாலே தெரிந்தது. இரண்டு பேர் நீளமான மூங்கில் கழியில் கம்பளியைத் தூளியாகக் கட்டித் தோளில் வைத்து ஓடி வந்தார்கள். அவ்வளவு அவசரமாக யாரையோ தூக்கப் போகிறார்களே என்று நான் எழுந்து, ரோட்டை விட்டு ஒதுங்கி வழி விட்டேன்.

அவர்கள் என்னிடம் வந்து நின்றார்கள்.

"படுங்க சாமி, படுங்க. எந்திரிச்சு நிக்கப்படாது."

"எனக்கு ஒண்ணுமில்லீங்க" என்றேன். "வண்டிக்குத்தானுங்க பிரஷர்."

இடுப்பில் அரிவாள் செருகியிருந்த ஓர் அம்மா மற்றவர்களைப் பார்த்துத் தலையை ஆட்டினார். "தலைக்கேறிப் போச்சுங். எங்க கொழுந்தனாரும் இப்படித்தான், அன்னிக்கு ஆட்டுக்குட்டிய மாப்பளன்னு கூப்புட்டாரு. தூக்குங்கப்பா."

தூக்கிவிட்டார்கள். நான் எடை குறைந்த ஆள் இல்லை. என் மனைவியாவது ஏதாவது சொல்வாள் என்று தூளிக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தேன். "கொஞ்சம் மெதுவாத் தூக்குங்க, அவருக்குத் தலவலி வேற" என்றாள்.

நாலடி போவதற்குள் வளைவில் ஒரு பழைய ஜீப் வந்து நின்றது. மலைக்குள் ஆளையும் மிளகு மூட்டையையும் ஏற்றுகிற ஜீப். தலையில் துண்டு கட்டிய ஓட்டுநர் ஒருவர் குதித்தார். அவருக்குப் பின்னாலேயே பையுடன் ஒரு நர்சம்மா இறங்கினார். பிள்ளை பெற்ற வீட்டைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தவரை, குரல் கேட்டு ஜீப்காரர் வழியிலேயே ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார். நான் தூளியில் கிடந்தபடி நர்சம்மாவிடம் ஆயில், விளக்கு, மச்சான், அறுந்த லைன் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன்.

என்னைக் கீழே இறக்கினார்கள். அவர்கள் இடத்தில் நான் இருந்திருந்தால் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். தூளியோடு பள்ளத்தில் உருட்டியும் விட்டிருப்பேன். அரிவாள் அம்மா ரோட்டிலேயே உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். "வண்டிக்குப் பிரஷராமா! வண்டிக்கு!" ஒருவர் அதையும் கையைக் குவித்து எதிர்ச் சரிவுக்குச் சொன்னார். கொஞ்சம் பொறுத்து, பள்ளத்தைத் தாண்டி, அந்தப் பெண்ணின் சிரிப்பு எங்களிடம் வந்து சேர்ந்தது. அதற்கும் அப்பால் முகட்டிலிருந்து இன்னொரு சிரிப்பு.

ஆனால் ஒருவரும் கிளம்பவில்லை. "ஆளுக்குன்னா என்ன, வண்டிக்குன்னா என்ன, வந்தாச்சு. பாத்துட்டே போலாம்" என்றார் தூளி தூக்கியவர்.

ஜீப்காரர் பானெட்டுக்குள் தலையை விட்டார். ஆயில் பார்க்கிற கம்பியை உருவி, தன் துண்டிலேயே துடைத்து, மறுபடி விட்டு எடுத்தார். கோடு வரைக்கும் ஆயில் இருந்தது. "ஆயில் இருக்குதுங். அப்பப் பம்பு போயிருக்குது. இன்ஜின எறக்கோணும்" என்று கையைத் தட்டிக்கொண்டார்.

எனக்கு மறுபடி தூளி தேவைப்பட்டது.

நர்சம்மா விடவில்லை. "பாத்ததுமே எப்படிங்க சொல்றீங்க? நான் அளந்து பாக்காம யாருக்கும் பிரஷர்னு சொன்னதில்ல."

"நீங்க மனுசனப் பாருங்கம்மா, நான் வண்டியப் பாக்கறேன்" என்று ஜீப்காரர் முறைத்தார். ஆனால் வார்த்தை தைத்துவிட்டது போல. மறுபடி குனிந்தார். ஆயில் பில்டருக்குப் பக்கத்தில் கட்டைவிரல் அளவுக்கு ஒன்று மரையில் முடுக்கியிருந்தது. அதுதான் மச்சான் சொன்ன சென்சார். அதிலிருந்து ஒயரைப் பிடுங்கினார். சாவியைப் போட்டுப் பார்த்தால் விளக்கு எரியவில்லை. ஒயரின் நுனியை இன்ஜின் இரும்பில் தொட்டதும் எரிந்தது. "ஒயர்ல கோளாறு இல்லீங்" என்றார். ஒயர் மாட்டுகிற தலைக்குள் விரலை விட்டுத் துழாவினார். விரல் ஆயிலோடு வந்தது.

"வரக்கூடாத எடத்துல ஆயில் வந்திருக்குது. உள்ளாற கிழிஞ்சிருக்கான். இவன்தான் பொய் சொல்றவனாட்ட இருக்குது."

"ஆட்ட இருக்குதுன்னா?" என்றேன்.

"நூத்துக்குத் தொண்ணூறு."

"மீதிப் பத்துங்க?"

"மீதிப் பத்துக்குத்தான் எழுபது வளைவு இருக்குதுங்களே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானே சொல்லியிருக்க வேண்டிய ஜோக். வாய் வரவில்லை.

அவர் தன் ஜீப்பைத் திரும்பிப் பார்த்தார். பழைய ஜீப்பில் இந்தக் கெண்டி விளக்கெல்லாம் கிடையாது. முள் வைத்த ஒரு வட்ட மீட்டர், அதிலிருந்து இன்ஜினுக்கு ஒரு மெல்லிய செம்புக் குழாய். ஆயிலே அந்தக் குழாய் வழியாக வந்து முள்ளைத் தள்ளும். நடுவில் ஒயர் கிடையாது, பொய் சொல்ல ஆள் கிடையாது. ஸ்பானரை எடுத்தார். தன் ஜீப்பின் மீட்டரைக் குழாயோடு கழற்ற ஆரம்பித்தார்.

"அய்யோ, உங்க வண்டிங்க!" என்றேன்.

"என் வண்டிக்கு இப்ப ஒண்ணுமில்லீங்களே" என்றார்.

மரை சேருமா என்பதுதான் கேள்வி. சென்சாரைக் கழற்றி, அந்த ஓட்டையில் ஜீப்பின் குழாயை வைத்துத் திருகினார். ஒரு சுற்று ஏறியது. இரண்டாவதும் ஏறியது. இறக்கி, வெள்ளை டேப்பைச் சுற்றி, இறுக்கினார். மீட்டரைத் தூளிக்காரர் கையில் கொடுத்து, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி பிடிக்கச் சொன்னார். சாவியை என் மனைவியிடம் கொடுத்தார். "நான் நிறுத்துன்னா நிறுத்திப் போடோணும் தங்கச்சி. முள்ளு ஏறலைன்னா ஒரு கணம் ஓடக்கூடாது."

"நீங்க இங்க வாங்க" என்று நர்சம்மா என்னைக் கல்லில் உட்கார வைத்தார். "வந்தது வந்தேன். உங்களுக்கும் ஒரு தரம் பாத்துட்டுப் போயிடறேன்." கையில் பட்டையைச் சுற்றினார். அவரிடம் இருந்ததும் முள் வைத்த வட்ட மீட்டர்தான். "எனக்கும் ஆயில் கொறஞ்சிருக்குதான்னு பாருங்க" என்றேன். அவர் பம்பை அமுக்கத் தொடங்கினார்.

மனைவி சாவியைத் திருகினாள்.

இன்ஜின் பிடித்தது. முள் அசையவில்லை. அரிவாள் அம்மா கையைக் கூப்பிவிட்டார். செம்புக் குழாய் மட்டும் லேசாக நடுங்கியது. பிறகு முள் ஒரு துள்ளுத் துள்ளி, ஏறி, பாதிக்கு மேல் போய், அங்கேயே நின்றது. அவ்வளவுதான். ஒரு சின்ன முள். ஆனால் அந்த இரும்புக் கட்டிக்குள், கண்ணுக்குத் தெரியாத இடங்களில், அத்தனை இரும்பையும் ஒன்றோடு ஒன்று படாமல் தாங்கிக்கொண்டு ஆயில் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதை அது சொன்னது. யாரோ ஒருவருடைய ஜீப்பின் முள், எங்கள் வண்டியின் உயிரைக் காட்டிக்கொண்டு, மண் அப்பிய ஒரு கையில் நின்றது. மனைவி ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துவிட்டாள்.

"பிரஷர் இருக்குதுடோய்!" என்று ஒருவர் எதிர்ச் சரிவுக்குக் குரல் கொடுத்தார்.

நானும் கத்த எழுந்தேன். நர்சம்மா என் தோளை அழுத்தி உட்கார வைத்தார். அவர் ஒருவர்தான் காரைப் பார்க்கவே இல்லை. அவருடைய மீட்டரின் முள் இறங்கிக்கொண்டிருந்தது. காற்றை முழுக்க விட்டார், மறுபடி ஏற்றினார். அடுத்த கைக்கு மாற்றினார். அங்கும் ஏற்றி இறக்கினார்.

"தலவலி எத்தன நாளா இருக்கு?"

"அது வளைவுல..." என்று ஆரம்பித்தேன்.

"ஒரு வாரமா" என்றாள் மனைவி, காரிலிருந்து இறங்கி வந்து.

"இவரு வண்டி ஓட்டக் கூடாது" என்று நர்சம்மா ஜீப்காரரிடம் சொன்னார். என்னிடம் சொல்லவில்லை. ஜீப்காரர் சிரிப்பை நிறுத்தினார். சுற்றி இருந்த எல்லோரும் நிறுத்தினார்கள்.

மீட்டரைக் கழற்றி ஜீப்பில் மாட்டி, எங்கள் சென்சாரைப் பழையபடி முடுக்கி ஒயரையும் சொருகினார் ஜீப்காரர். தூளிக்காரர் ஜீப்பை எடுத்துக்கொள்ள, ஜீப்காரர் எங்கள் காரை ஓட்டினார். மலை மேலேயே இருக்கிற செம்மேட்டு ஆஸ்பத்திரியில் டாக்டர் மாத்திரை கொடுத்து, நெஞ்சுக்குப் படம் எடுத்து, முள் நினைத்த மாதிரி இறங்கும் வரைக்கும் எழவே விடவில்லை. இந்த அளவோடு வளைவு இறங்கியிருந்தால் பாதி வழியில் கண் இருட்டியிருக்கலாம் என்றார். அதுவும் நான் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும்போதே. நான் முதல் முறையாக ஒரு டாக்டரிடம் ஜோக் அடிக்கவில்லை.

சாயங்காலம் ஜீப்காரரே எங்களைக் கீழே இறக்கினார். வழியெல்லாம் கெண்டி சிவப்பாக எரிந்துகொண்டே வந்தது. "பொய் சொன்ன வெளக்குக்குப் பாற மேல ஏறிக் குதிச்சீங்க. நெசம் சொன்ன தலைய மட்டும் வாய மூடச் சொன்னீங்க" என்றாள் மனைவி. ஜீப்காரர் ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தார். அடிவாரத்தில் செம்மேட்டிலிருந்து போன் செய்து வரச் சொல்லியிருந்த எங்கள் கடை ஆளிடம் சாவியைக் கொடுத்துவிட்டு, மேலே போகிற பஸ்ஸில் ஓடி ஏறிக்கொண்டார். ஊர் கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

முதலில் குரல் கொடுத்த அந்தப் பெண்ணின் முகத்தை நான் இன்றுவரை பார்த்ததில்லை. அவள் என்ன சொன்னாள் என்று செம்மேட்டுக்குப் போகிற வழியில் ஜீப்காரரிடம் கேட்டேன். "ரோட்டுல ஒரு ஆளுக்குப் பிரஷரு, ஓடியாங்கன்னாங்க" என்றார். அவள் தப்பாகக் கேட்டுவிட்டாள் என்று மலை முழுக்கச் சிரித்தார்கள், நானும் சேர்ந்து சிரித்தேன். இப்போது காலையில் மாத்திரை போடத் தண்ணீர் பாட்டிலைத் திறக்கும்போதெல்லாம் அந்தக் குரல் மலையிலிருந்து மலைக்குத் தாவிப் போவது எனக்குக் கேட்கிறது.

மச்சான் சென்சாரை மாற்றிவிட்டான். வண்டியில் கெட்டிருந்தது அது ஒன்றுதான். பிரஷர் எனக்குத்தான் இருந்தது.